மனைவிக்கு 41 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு ஓவரியையும் எடுத்துவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், தூக்கமே இல்லை. கணவனாக நான் என்ன செய்வது?

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளையும் (அதாவது ஓவரி) கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிலக்குதான் நிற்கும், ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும். ஓவரியும் போய்விட்டால் கதையே வேறு. மற்ற பெண்களுக்குச் சில வருடங்களில் மெல்ல மெல்லக் குறைகிற ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன், இவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளிலேயே மளமளவென்று இறங்கிவிடும். எரிந்து விழுவதை அவருடைய குணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.

என் மனைவிக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்கிற நோய். நாற்பது வயதுக்கு முன்பே எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. மார்பிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறும், கொஞ்ச நேரத்தில் நைட்டி தொப்பலாக நனைந்துவிடும், உடனே குளிர் நடுக்கும். மார்கழியிலும் எங்கள் வீட்டில் ஃபேன் ஐந்தில்தான் ஓடியது. நான் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன். மாற்று நைட்டி, தலையணை உறை, ஒரு சொம்பு தண்ணீர் எல்லாம் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். ராத்திரி லைட்டைப் போட்டு பீரோவைத் திறந்தால் அப்புறம் விடிகிற வரை தூக்கம் வராது, அதற்காகத்தான். தோசைக்கல் முன்னால் நிற்கவே முடியவில்லை என்றாள். அன்றிலிருந்து ராத்திரி டிபன் என் பொறுப்பு.

ஆனால் ஃபேனும் நைட்டியும் வைத்தியம் ஆகாது. தையல் ஆறியதும் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி நாமாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், மாத்திரையாகவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. என் மனைவிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்பதால் புரோஜெஸ்டோஜன் என்கிற இன்னொரு ஹார்மோனும் சேர்த்தார்கள். "அதைச் சாப்பிட்டா கேன்சர் வரும்" என்று யாராவது சொல்வார்கள். 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வுதான் அந்தப் பயத்தைப் பெரிதாகக் கிளப்பியது. அதில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுப் பெண்கள். நாற்பதில் ஓவரியை இழந்தவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இந்த வயதில் உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள், தடை எதுவும் இல்லையென்றால் ஏறக்குறைய ஐம்பது வயது வரைக்கும். கொடுக்காமல் விட்டால் எலும்பு தேயும், இதயத்துக்கும் ஆபத்து கூடும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றியும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் போனால் அவருக்காக நீங்கள் பேசிக்கொண்டே போகாதீர்கள். எத்தனை தடவை வியர்த்தது, எப்போது முழிப்பு வந்தது என்று தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்து வைத்து அவரிடம் கொடுங்கள். எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டை விட அந்தத் தாள்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

தாம்பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். உள்காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகும் வறட்சியால் வலிக்கும். அதற்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, லூப்ரிகன்ட் இருக்கிறது. ஆசை குறைவதற்கும் உடம்பில் காரணம் உண்டு, ஓவரி டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும் உறுப்பு. என்னைப் பிடிக்கவில்லை போல என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம் சொந்தக்காரர்கள். "அதான் எடுத்தாச்சே, மாசாமாசம் தொல்லை விட்டுச்சு, இன்னும் என்ன?" என்று பார்க்க வந்த சித்தி ஒருவர் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார். இதற்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, நீங்கள் சொல்லுங்கள்.

எதற்காக எடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் நான் சொன்ன ஹார்மோன் விஷயம் பெரும்பாலும் பொருந்தாது. சினைப்பை, கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றால் எந்த வகை என்பதைப் பொறுத்தது. வியர்வைக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. பயாப்ஸி ரிப்போர்ட்டோடு ஆன்காலஜிஸ்ட்டைப் பாருங்கள், அதுவரை மெடிக்கலில் நீங்களாக எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.