எல்லாருக்கும் ஒரே படகு, ஒரே தரவு என்றால் ஸ்பெயின் அணி 2024-ல் எப்படி வென்றது?

கேள்வி: செயில்ஜிபி பந்தயத்தில் எல்லா அணிகளும் ஒரே வகைப் படகைத்தான் ஓட்டுகின்றன, தரவுகளும் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். அப்படியிருக்க, முந்தைய பருவத்தில் பட்டியலின் அடியில் கிடந்த ஸ்பெயின் அணி 2024-ல் எப்படி வாகை சூடியது? அதிர்ஷ்டம்தானா?

அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. இருவர் மட்டுமே ஏறக்கூடிய ஒரு சிறிய பாய்ப்படகில்தான் அந்த வெற்றிக்கு வித்து விழுந்தது என்பது என் கருத்து. நானும் அத்தகைய ஒரு சிறிய படகில் சில ஆண்டுகள் பாய்க்கயிறு பிடித்தவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் அந்தப் படகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

செயில்ஜிபி என்பது நாடுகளின் பெயரில் அணிகள் மோதும் தொழில்முறைப் பாய்ப்படகுத் தொடர். ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசனும் பாய்ப்படகு வீரர் ரஸ்ஸல் கூட்ஸும் சேர்ந்து தொடங்கிய இந்தத் தொடரின் முதல் பந்தயம் 2019 பிப்ரவரியில் சிட்னியில் நடந்தது. இதில் ஓடும் எஃப் 50 என்னும் படகு, 2017-ல் பெர்முடாவில் நடந்த அமெரிக்கா கோப்பை என்னும் பாய்ப்படகுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட படகுகளிலிருந்து வளர்ந்தது. ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஒல்லியான ஓடங்களை இணைத்து, நடுவே வலை கட்டியிருப்பார்கள். நம் கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் இத்தகைய இரட்டை ஓடப் படகுகளின் பெயராகிவிட்டது. இங்கே கட்டுவதற்கு மரம் ஏதும் இல்லை, எல்லாம் கார்பன் இழை.

துணிப் பாய்க்குப் பதிலாக, விமானத்தின் இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல ஓர் இறக்கைப் பாய் இதில் நிற்கிறது. கார்பன் சட்டத்தின்மேல் மெல்லிய படலம் போர்த்திய அந்தப் பாய், வழக்கமான காற்றுக்கு 24 மீட்டர் உயரத்தில் பொருத்தப்படும். காற்றின் வலிமைக்கு ஏற்ப அதைவிடக் குட்டையாகவோ நெட்டையாகவோ மாற்றிக்கொள்வார்கள். நீருக்கு அடியில் இருப்பவை ஃபாயில் எனப்படும் சிறகுகள். காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் ஒரு சிறிய சிறகே, போதிய வேகம் கிடைத்ததும் இரண்டு ஓடங்களையும் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுகிறது. அதன்பின் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பவை ஒரு ஃபாயிலும் இரண்டு சுக்கான்களும் மட்டுமே. உராய்வு இப்படிக் குறைந்துவிடுவதால் படகு காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. 2022-ல் பிரெஞ்சு அணி சான் துரோப்பேயில் மணிக்கு 99.94 கிலோமீட்டரைத் தொட்டது. 2025 ஆகஸ்டில் ஜெர்மனியின் சாஸ்னிட்ஸில் டென்மார்க் அணி 103.93 கிலோமீட்டரை எட்டியது. இந்த வேகத்தில் ஃபாயிலின் மேற்புறத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, குளிர்ந்த நீரே ஆவிக் குமிழ்களாகக் கொதித்துவிடும். அப்போது தூக்குவிசை சட்டென்று கைவிட்டுப் போகும். வேகத்துக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் அந்தக் குமிழ்கள்தான்.

காற்று நன்றாக வீசும் நாள்களில் படகில் ஆறு பேர் இருப்பார்கள். சுக்கான் சக்கரம் ஓட்டுநர் கையில். இறக்கைப் பாயின் கோணம் பாய்ப் பொறுப்பாளர் கையில். ஃபாயில்களின் சாய்வை மாற்றிப் படகை உரிய உயரத்தில் பறக்கவைப்பவர் பறப்புக் கட்டுப்பாட்டாளர். பாயை இழுப்பதற்கான விசையை இருவர் கைப்பிடிகளைச் சுழற்றித் தருவார்கள். எதிரிப் படகுகளையும் காற்றின் போக்கையும் பார்த்து வழி சொல்பவர் வியூகப் பொறுப்பாளர். தாளில் இவை தனித்தனி வேலைகள். நீரில் அப்படி இல்லை. ஓட்டுநர் படகின் மூக்கைச் சில பாகை திருப்பினால் படகு உணரும் காற்றின் திசை அதே கணத்தில் மாறுகிறது. அதற்கேற்பப் பாய் திரும்பாவிட்டால் சாயவைக்கும் விசை கூடும் அல்லது குறையும். விசை மாறினால் படகின் உயரம் மாறும். உயரம் மாறினால் ஃபாயிலை மறுபடி சாய்க்க வேண்டும். பாதி நொடி தாமதித்தாலும் ஓடம் நீரில் மோதி, பறந்துகொண்டிருந்த படகு சடாரென்று வேகம் இழந்துவிடும். ஒரு பந்தயமே பதினைந்து நிமிடத்துக்கு உட்பட்டது என்பதால், அந்த ஒரு மோதலில் கைவிட்டுப் போன தூரத்தைத் திரும்பப் பிடிப்பதற்கு நேரம் இருப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு படகின் உணரிகளும் பதிவுசெய்யும் விவரங்கள், படகின் மேலுள்ள கேமராக் காட்சிகள், குழுவினர் பேசிக்கொள்ளும் ஒலிப்பதிவு ஆகிய எல்லாவற்றையும் எல்லா அணிகளும் பார்க்கலாம். பாயை எந்தக் கோணத்தில் வைத்து ஆஸ்திரேலியா வென்றது என்பதைப் போட்டி முடிந்த கையோடு கடைசி இடத்து அணியும் எடுத்துப் படிக்கலாம். இந்த விளையாட்டில் ரகசியம் நெடுநாள் தங்காது. ஆனால் இதற்கு நேரெதிரான இன்னொரு நிலைமையும் உண்டு. படகுகள் கொள்கலன்களில் ஊர் ஊராகக் கப்பலில் போகின்றன. போட்டிக்கு முன் ஓரிரு நாள்கள்தான் பயிற்சிக்குக் கிடைக்கும். ஆக, எதைச் செய்ய வேண்டும் என்ற அறிவு எல்லாரிடமும் குவிந்துகிடக்கிறது. அதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளும் நேரம்தான் எவரிடமும் இல்லை. படகுக்கு வெளியே, வேறெங்கோ அந்தப் பழக்கத்தை ஈட்டிக்கொள்ளும் அணிக்கே இது சாதகம்.

ஸ்பெயின் அணியின் ஓட்டுநர் டியேகோ பொத்தின். பாய்ப் பொறுப்பாளர் ஃப்ளோரியான் ட்ரிட்டெல். இதே இருவர்தான் பாரிஸ் ஒலிம்பிக்கை நோக்கி ஃபார்ட்டிநைனர் என்னும் இருவர் படகிலும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஐந்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவான நீளமும், தன் அளவுக்கு மிஞ்சிய பாயும் கொண்ட படகு. இருவரும் இடுப்பில் கம்பி கட்டிக்கொண்டு விளிம்பில் பாதம் ஊன்றி வெளியே தொங்கினால்தான் அது நிமிர்ந்து ஓடும். அந்தப் படகின் ஒரு தனித்தன்மையை இங்கே கவனிக்க வேண்டும்: காற்றை எதிர்த்துப் போகும்போது பெரிய பாயின் கயிறு சுக்கான் பிடிப்பவரிடம் இருப்பதில்லை, முன்னால் நிற்கும் துணைவரிடம் இருக்கும். அதாவது பொத்தின் திருப்ப, ட்ரிட்டெல் பாயை விடுவதும் இழுப்பதுமாக அவர்கள் அங்கே நாள்தோறும் செய்துவந்த வேலைதான், எஃப் 50-ல் சக்கரமும் இறக்கைப் பாயுமாக உருமாறி அவர்கள் கைக்கு வந்தது. படகு பல மடங்கு கனமாகவும் இன்னும் வேகமாகவும் இருக்கலாம்; இருவருக்கும் இடையில் ஓடும் அந்த உரையாடல் அதேதான். போதாக்குறைக்கு, ட்ரிட்டெல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நாக்ரா 17 என்னும் ஃபாயில் பொருத்திய இரட்டை ஓடப் படகில் போட்டியிட்டவர்.

இது எவ்வளவு நுட்பமானது என்பதை என் சிறிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வலுத்த காற்று வரும்போது நீரின்மேல் ஒரு கருத்த திட்டு விரைந்து நெருங்குவது தெரியும். தொடக்க மாதங்களில் என் கூட்டாளி "வருகிறது" என்று குரல் கொடுத்த பிறகுதான் நான் கயிற்றைத் தளர்த்துவேன். அதற்குள் படகு சாய்ந்துவிட்டிருக்கும், சில நேரம் கவிழ்ந்தும் விட்டது. இரண்டாம் ஆண்டில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் தோள் அசைவதற்கும் என் விரல்களுக்கு இடையே கயிறு ஓரடி நழுவுவதற்கும் இடைவெளி இருக்கவில்லை. ஆனால் வேறொருவரோடு அதே படகில் ஏறியபோது அந்தப் பழக்கம் என்னோடு வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அது என் கையில் மட்டும் இருந்த திறமை இல்லை, எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. எந்த உணரியும் அதைப் பதிவுசெய்து அடுத்த அணிக்குத் தர இயலாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சிறிய படகின் பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஸ்பெயின் அணியில் மட்டும் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபார்ட்டிநைனர் தங்கம் வென்ற நேதன் அவுட்டரிட்ஜ், முதல் இரு பருவங்களில் ஜப்பான் அணியின் ஓட்டுநராக இருந்தார். 2016-ல் ரியோவில் தங்கம் வென்ற பீட்டர் பர்லிங்கும் ப்ளேர் ட்யூக்கும் நியூசிலாந்து அணியின் தூண்கள். டோக்கியோவில் அவர்களை வெள்ளிக்குத் தள்ளித் தங்கம் பெற்றவர்களில் ஒருவர் டிலன் ஃப்ளெட்சர். பின்னாளில் பிரிட்டன் அணியின் ஓட்டுநரானவர். அதே போட்டியில் வேறொரு துணைவரோடு வந்து நான்காம் இடத்தில் நின்றவர் பொத்தின். பதக்கத்தை நூலிழையில் தவறவிட்ட அந்த மனிதர் அதன்பின் புதிய துணைவரோடு மறுபடியும் தொடங்கினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டாகிறது. பெண்களுக்கான அதே வகைப் படகில் இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற மார்த்தினே கிராயெல், இப்போது பிரேசில் அணியை ஓட்டுகிறார். இந்தத் தொடரின் முதல் பெண் ஓட்டுநர் அவரே.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. முதல் மூன்று பட்டங்களையும் தொடர்ந்து வென்ற ஆஸ்திரேலிய அணியின் டாம் ஸ்லிங்ஸ்பி, லண்டனில் தங்கம் வென்றது லேசர் என்னும் ஒற்றையாள் படகில். ஆனால் அவருடைய குழு முதல் பருவத்திலிருந்தே பெரிதும் கலையாமல் இருந்தது. சேர்ந்து ஓட்டிய மணிநேரங்களை அவர்கள் எஃப் 50-லேயே சேமித்தார்கள். பின்னால் வந்த ஸ்பெயின் அணி அதை வேறு படகில் சேமிக்க வேண்டியிருந்தது என்று இதைப் புரிந்துகொள்கிறேன். ஸ்பெயினின் வெற்றிக்குப் பொத்தினும் ட்ரிட்டெல்லும் மட்டுமே காரணம் என்று சொல்வதும் தவறு. ஹோயெல் ரொட்ரிகெஸ் படகின் உயரத்தைப் பிசகாமல் காத்திராவிட்டால், நிக்கோல் வான் டெர் வெல்டன் எதிரிகளைக் கவனித்து வழி சொல்லியிராவிட்டால், இருவருக்கும் தம் வேலையில் மட்டும் கண்ணாக இருக்க வாய்த்திராது.

நான்காம் பருவம் 2023-ல் தொடங்கியபோது ஸ்பெயினை யாரும் பெரிதாகப் பேசவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் அவர்கள் ஒரு சுற்றை வென்றதும் பலர் புருவம் உயர்த்தினார்கள். பருவ முடிவில் முதல் மூன்று அணிகளுக்குள் வந்துவிட்டால் போதும். அந்த மூன்றும் ஒரே ஒரு பந்தயத்தில் மோத, அதில் முதலில் வருபவருக்கே பட்டமும் 20 லட்சம் டாலர் பரிசும். 2024 ஜூலை 14 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஸ்பெயின் ஆகிய மூன்றும் அப்படி நின்றன, ஸ்பெயின் வென்றது. பருவ முடிவில் புள்ளிப் பட்டியலில் முன்னே நின்ற நியூசிலாந்து வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்து நான் மிகவும் வருந்தினேன். ஓராண்டு உழைப்பைப் பதினைந்து நிமிடத்துக்குள் அடைக்கும் இந்த விதி எனக்கு இன்றும் உடன்பாடில்லை; நெடும் பருவத்தின் புள்ளிகளுக்கு இறுதிப் பந்தயத்திலும் ஏதாவது எடை இருக்க வேண்டும். ஆனால் விதி எல்லாருக்கும் முன்பே தெரிந்ததுதான். ஒற்றைப் பந்தயத்தில் தடுமாறாமல் ஓட்டுவதும் ஒரு திறமை. அதில் அன்று ஸ்பெயின் மேலோங்கி நின்றது.

அடுத்த பருவத்தில் அவர்களால் இறுதி மூவருக்குள் வர முடியவில்லை. 2025 நவம்பரில் அபுதாபியில் பர்லிங்கையும் ஸ்லிங்ஸ்பியையும் முந்திப் பட்டம் பெற்றவர் ஃப்ளெட்சர். இதைக் காட்டி 2024 வெற்றி தற்செயல்தான் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொரு தேதி. சான் ஃபிரான்சிஸ்கோ வெற்றிக்குப் பத்தொன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 2 அன்று, மார்செய் கடலில் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஃபார்ட்டிநைனர் பிரிவுக்கான பதக்கப் பந்தயம் நடந்தது. 15 மீட்டர் படகில் ஹெல்மெட்டும் உயிர்காப்பு உடையுமாக நின்ற அதே பொத்தினும் ட்ரிட்டெல்லும், இப்போது ஐந்து மீட்டர் படகின் விளிம்பில் கம்பியில் தொங்கியபடி ஓட்டி ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். அங்கே வெண்கலம் பெற்ற அமெரிக்க இணையில் ஒருவர் ஹான்ஸ் ஹென்கன். செயில்ஜிபியில் அமெரிக்கப் படகின் பறப்புக் கட்டுப்பாட்டாளராக இருந்தவர்.