பின்னாடி ஷாக் வீட்லயே மாத்தறது: நீங்க கேட்டதும் என் பதிலும்

புல்லட், கிளாசிக், இன்டர்செப்டர், ஸ்ப்ளெண்டர்னு பின்னாடி ரெண்டு ஷாக் (ஷாக் அப்சார்பர்) இருக்கற பைக்குங்க பத்திதான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒண்ணொண்ணா சொல்றேன்.

கே: அண்ணா, இன்டர்செப்டர் 650 வச்சிருக்கேன். ஒய்எஸ்எஸ் வாங்கலாமா இல்ல காசு சேத்து ஓலின்ஸ் போலாமா?

பிராண்ட விடுங்க தம்பி, முதல்ல உங்க வெயிட் என்ன, பின்னாடி ஆள் ஏத்துவீங்களா, லக்கேஜ் கட்டுவீங்களா, அத சொல்லுங்க. 60 கிலோ ஆளுக்கு சரியா இருக்கற ஸ்பிரிங் 95 கிலோ ஆளுக்கு பொத்துனு உக்காந்துரும், அது எவ்ளோ விலை ஷாக்கா இருந்தாலும் சரி. கடைக்காரர்கிட்ட "என் வெயிட்டுக்கு எந்த ஸ்பிரிங்"னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியாதவர்கிட்ட வாங்காதீங்க.

கே: ப்ரோ பழசை விட ஒரு இன்ச் நீளமான ஜோடி சீப்பா வருது, மாட்டிக்கலாமா?

வேணாம் ப்ரோ. மேல் போல்ட் ஓட்டை நடுவுல இருந்து கீழ் போல்ட் ஓட்டை நடு வரைக்கும் டேப் வச்சு அளங்க, அதுதான் ஷாக்கோட நீளம், அது கம்பெனி அளவோட ஒத்துப்போகணும். நீளம் கூடினா பின்பக்கம் தூக்கிரும், ஹேண்டில் பைபாஸ் ஸ்பீடுல படபடங்கும், சைடு ஸ்டாண்ட்ல வண்டி இன்னும் சாஞ்சு நிக்கும், சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் பின் வீல் தரையை விட்டு எழும்பாம போகலாம். செயின் லூஸும் மாறும். குறைஞ்சா இன்னும் மோசம், ஆள் ஏறினதும் டயர் போய் மட்கார்டுல உரசும். அப்புறம் ஷாக் முனைல போல்ட் நுழையற புஷ்ஷோட உள் ஓட்டை உங்க போல்டுக்கு சரியா இருக்கானு பாருங்க, லூஸா இருந்தா தட்டிக்கிட்டே இருக்கும்.

கே: வீட்ல ஜாக் கிடையாது, சென்டர் ஸ்டாண்ட் மட்டும் போதுமா சார்?

தாராளமா போதும், ஆனா ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும்தான் கழட்டணும், இத மட்டும் மீறவே கூடாது. மத்த பக்க ஷாக்தான் ஸ்விங்ஆர்மை, அதாவது பின் வீல் மாட்டியிருக்கற ஆர்மை, தாங்கிப் பிடிச்சிருக்கும், ரெண்டையும் சேத்து கழட்டினா வீலோட சேந்து கீழ இறங்கிரும்.

வண்டி தரையில இருக்கும்போதே நட்டை கால் சுத்து இளக்கிருங்க, ஸ்டாண்ட்ல ஏத்தினப்புறம் பலம் போட்டு இழுத்தா வண்டி ஸ்டாண்டை விட்டு உருண்டுரும். கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க, எந்த வாஷர் உள்ள எது வெளிலனு அப்புறம் மறந்துரும். சில வண்டில சாரி கார்டும் கிராப் ரெயிலும் அதே போல்ட்லதான் நிக்கும், சைலென்சரையும் இறக்க வேண்டி வரலாம். புது ஷாக் ஓட்டை நேரா வரலையா, சுத்தியலால அடிக்காதீங்க, டயருக்கு அடில ஒரு மரக்கட்டை வச்சு கொஞ்சம் கொஞ்சமா தூக்கினா போல்ட் விரல்லயே உள்ள போயிரும். கடைசி டைட்டு மட்டும் வண்டியை ஸ்டாண்ட்ல இருந்து இறக்கி, வீல் மேல நிக்கும்போது பண்ணுங்க, இல்லைனா ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுரும். எவ்ளோ பலமா டைட் பண்ணணும்ங்கற டார்க் அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.

கே: என்னோடது என்எஸ்200, மோனோ ஷாக், பின்னாடி ஒரே ஷாக்தான். பேடாக் ஸ்டாண்ட் போட்டு கழட்டலாம்ல?

கூடவே கூடாது தம்பி!! பேடாக் ஸ்டாண்ட் தூக்கறது ஸ்விங்ஆர்மை, ஷாக் போல்டை உருவின நிமிஷம் வண்டியோட மொத்த பாடியும் கீழ விழும், கை உள்ள இருந்தா நசுங்கிரும். பிரேம்ல இருந்து தாங்கணும், அதுக்கு வசதி இல்லைனா மெக்கானிக்கிட்ட போயிருங்க.

கே: கேஸ் ஷாக்கை தலைகீழா மாட்டினா ஏதாவது ஆகுமா?

டப்பால என்ன படம் போட்டிருக்கோ அப்படியே மாட்டுங்க. சில டைப் தலைகீழா வேலை செய்யும், பல டைப்ல ஆயிலோட காத்து கலந்து டேம்பிங்கே, அதாவது ஆட்டத்தை அடக்கற வேலையே, போயிரும். கேஸ் வால்வ நோண்டாதீங்க, உள்ள பிரஷர்ல நைட்ரஜன் இருக்கு.

கே: அண்ணா நேத்து மாட்டிட்டேன், பழசை விட தூக்கி அடிக்குது. காசு வேஸ்டா?

இல்லமா, இன்னும் செட் பண்ணலை, அவ்ளோதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு வீல் தொங்கும்போது ஆக்ஸில் நடுவுல இருந்து நேர் மேல சீட்டுக்கு கீழ ஒரு டேப் ஒட்டி, அது வரைக்கும் அளங்க. அப்புறம் ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட் ஜாக்கெட்டோட நீங்க ஏறி ரெண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்ல, ஒருத்தர் முன்னாடி பிடிச்சுக்க இன்னொருத்தர் திரும்ப அளக்கணும். வித்தியாசம் மொத்த டிராவல்ல (வீல் மேல கீழ போற தூரம்) ஏறக்குறைய 30 சதவீதம் இருந்தா நல்லது. இன்டர்செப்டருக்கு பின்னாடி டிராவல் 88 மில்லிமீட்டர், அப்ப 26 பக்கம் வரணும். உங்களுக்கு பத்து பதினஞ்சுதான் வருதுனா ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்னாடியே அமுக்கி வைக்கற அளவு) ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைங்க. ப்ரீலோடு திருப்பினா ஸ்பிரிங் ஹார்டாகும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆகாது, வண்டி நிக்கற உயரம்தான் மாறும். ஆள் ஏறாம வண்டி தன் வெயிட்லயே கொஞ்சம் இறங்கணும். ப்ரீலோடை ஃபுல்லா ஏத்தி வண்டி தன் வெயிட்ல சுத்தமா இறங்கலை, நீங்க ஏறினா மட்டும் ரொம்ப இறங்குதுனா ஸ்பிரிங்கே உங்களுக்கு சாஃப்ட்.

ரீபவுண்ட் நாப் (அமுங்கின ஷாக் திரும்ப நீள்ற வேகத்தை மாத்தற திருகு) இருந்தா ஒரு தடவைக்கு ஒண்ணு ரெண்டு கிளிக் மட்டும் மாத்தி, அதே ரோட்ல அதே ஸ்பீட் பிரேக்கர்ல ஓட்டிப் பாருங்க. டயர் காத்தும் செக் பண்ணிருங்க, காத்து ஜாஸ்தியா இருந்தாலும் இதே மாதிரிதான் தூக்கி அடிக்கும்.

கே: பள்ளத்துல டக் டக்னு சத்தம் வருது, என்னவா இருக்கும்?

பாதி நேரம் வாஷர் விட்டுப் போயிருக்கும், இல்ல புஷ் போல்டுக்கு பெருசு. நட்டை செக் பண்ணி, ஷாக்கை கைல பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆடுச்சுனா சரி பண்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. ஆடலைனாலும் நூறு கிலோமீட்டர் ஓடினதும் எல்லா போல்டையும் திரும்ப ஒரு தடவை டைட் செக் பண்ணிருங்க, அப்படியே செயின் லூஸையும் பிரேக் ஹோஸ் ஸ்பிரிங்ல உரசுதானும் பாத்துருங்க.