கதை எழுதும்போது ஒரு பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று எப்படிப் புரிந்துகொள்வது?

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது குடியாத்தத்தில் பீடி சுற்றும் என் அத்தை.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடியற்காலை நடந்த சிப்பாய்ப் புரட்சியை வைத்து ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். காரணம்தான் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறதே: தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள். அதை அப்படியே என் சிப்பாயிடம் கொடுத்தேன். அவன் வாயைத் திறந்தால் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதுவது மாதிரியே பேசினான். நாலு தடவை திருத்தியும் உயிர் வரவில்லை.

அந்தச் சமயத்தில் அத்தை வீட்டுக்குப் போனேன். மடியில் முறம். வெட்டிய இலையில் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டியபடியே ஏஜெண்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்று கொண்டுபோனதில் ஒரு கட்டு சரியில்லை என்று கழித்துவிட்டானாம். ஒரு கட்டுக்கு என்ன பெரிய கூலி வந்துவிடப்போகிறது என்று கேட்டுவிட்டேன். "காசு போனா போவட்டும்டா. அத்தினி பேர் எதிர்ல ஒடிச்சிப் போட்டான்ல" என்றாள். இழுத்த வேகத்தில் நூல் அறுந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது சிப்பாயிடம் கேள்வியை மாற்றினேன். யார் பார்க்க உனக்கு என்ன நடந்தது? புதுத் தலைப்பாகையை எதிர்த்தவர்களில் இருவருக்குக் கசையடி விழுந்து வேலையும் போனது. என் ஆள் எதிர்க்காதவன். பேசாமல் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டவன். கூட்டாளிகள் அதைப் பார்த்தார்கள். அப்புறம் கதை தானாக நகர்ந்தது.

எல்லோருக்கும் அவமானம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை (அப்படி எழுதினால் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்). அதே கோட்டையில் திப்புவின் மகனை அரசனாக்க நினைத்தவர்கள் இருந்தார்கள். கோட்டைக் கதவைக் காக்காமல் கொள்ளையடிக்கப் போனவர்களும் இருந்தார்கள். அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது. இப்படி ஆளுக்கொரு காரணம் இருப்பதால், உங்கள் பாத்திரம் நீங்கள் கொடுத்த காரணத்துக்குப் பொருந்தாத எதையாவது செய்தால், அவசரப்பட்டு அந்த வரியை அடித்துவிடாதீர்கள். அந்த இடத்தைத்தான் தோண்ட வேண்டும். என் சிப்பாய் அன்று கொள்ளைக்கும் போகவில்லை, கதவையும் காக்கவில்லை. குளம்புச் சத்தம் கேட்கும்போது தன் பழைய தலைப்பாகையைத் தேடிக்கொண்டிருந்தான்.