பட்டறைப் பதில்கள்: 925 யானையும் நங்கூரக் குதிரையும்

(நகை, வெள்ளிச் சாமான், அலங்கார உருவங்கள் பற்றிய கேள்விகளுக்குத் திருகோணமலைப் பத்தர் ஒருவர் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, வீடு குடிபூரலுக்கு சுவிஸ் மச்சாள் ஒரு வெள்ளி யானை தந்தா. அடியில் 925 என்று அடித்திருக்கிறது. நிறை 412 கிராம். இப்போது காசு முடை. விற்கக் கொண்டுபோனால் கடைக்காரர் சிரிக்கிறார். மச்சாளை யாரும் ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, உப்புவெளி)

பதில்: ஏமாற்றவில்லை, பிள்ளை. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த முத்திரை யானையின் தோலுக்குத்தான், வயிற்றுக்கு இல்லை. இத்தாலியில் இருந்து இப்படி நிறையச் சாமான் வருகிறது. உருவத்தை அச்சில் வார்த்து, மேலே மின்சாரம் கடத்தும் பூச்சைப் பூசி, வெள்ளிக் கரைசலுக்குள் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். பலாக்கொட்டையின் மேல்தோல் மாதிரி வெள்ளி படியும். உள்ளே முழுக்க ரெசின்தான், அதாவது இறுகின செயற்கைப் பிசின்.

வீட்டிலேயே சோதிக்கலாம். டிஜிட்டல் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, தராசைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். யானையை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல், முழுக முங்கும்வரை இறக்குங்கள். கையை விடவேண்டாம், நூலைப் பிடித்தபடியே தராசைப் பாருங்கள். அது காட்டுகிற கிராம்தான் யானையின் பருமன், கன சென்டிமீட்டரில். 412ஐ அதால் பிரியுங்கள். கட்டி வெள்ளி என்றால் தராசு 40 அளவில் நிற்கும், விடை 10.3ஐ ஒட்டி வரும். 210ஐத் தாண்டினால் விடை இரண்டு கூட இல்லை. கடைக்காரர் ஏன் சிரித்தார் என்று விளங்கும். எட்டு, எட்டரை வந்தால் பித்தளையாக இருக்கலாம். பதினொன்றுக்கு மேல் போனால் துள்ளாதீர்கள், ஈயம் 11.3. மரப்பீடமோ பசையில் ஒட்டின கல்லோ உள்ள உருவத்தைத் தண்ணீரில் இறக்கவே கூடாது.

"வெட்டிப் பார்த்து விலை சொல்லுகிறேன்" என்று யாராவது கேட்டால் யானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உருக்குகிறவனுக்கு அதில் சில கிராம்தான். வேலைப்பாட்டுக்கு ஆசைப்படுகிறவருக்கு அது முழு யானை. வந்த பெட்டியும் உள்ளே இருந்த அட்டையும் பத்திரமாக இருந்தால், அப்படி ஒருவரைத் தேடுவது சுகம்.

கேள்வி: அப்பப்பா டொக்யார்டில் வேலை செய்தவர். 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரர் போனபோது ஒரு அதிகாரி கொடுத்தாராம், முத்துச்சிப்பிப் பீடத்தில் நிற்கிற வெள்ளிக் குதிரை. நங்கூர முத்திரை இருப்பதால் கடற்படைச் சொத்து, வைத்திருந்தால் பிரச்சினை என்று ஒருவர் பயப்படுத்துகிறார். அம்மா திருநீறு போட்டுத் துலக்குவா. (வாசகர், டைக் வீதி)

பதில்: தம்பி, நங்கூரம் கண்டால் கடற்படை என்பது துறைமுகத்து ஆட்களின் புத்தி. அது பர்மிங்காம் நகரத்துச் சோதனைச்சாலையின் முத்திரை, 1773இல் இருந்து நடப்பு. அந்த ஊருக்குக் கடலே கிடையாது! பக்கத்தில் நடக்கிற சிங்கம் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குதிரையின் வெள்ளி ஸ்டெர்லிங், அதே 925. கூட ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றின கட்டத்தையும் வைத்து எந்த ஆண்டு முத்திரை குத்தினது என்று கண்டுபிடிக்கலாம். சிங்கம் இல்லாமல் ஈ.பி.என்.எஸ். (EPNS) என்று இருந்தால் வெள்ளி முலாம் மட்டும்தான். அடியில் இருக்கிற "நிக்கல் சில்வர்" செம்பு, நிக்கல், துத்தநாகக் கலப்பு. பெயரில் மட்டும்தான் வெள்ளி. முலாம் சாமானிலும் வெள்ளி முத்திரை மாதிரிச் சின்னங்களை வரிசையாகக் குத்திவைத்த கெட்டிக்காரர் அந்தக் காலத்திலும் இருந்தார்கள்.

எனக்குப் பயம் கடற்படை இல்லை, அம்மாவின் திருநீறு. அது அராவும். வருடக்கணக்கில் தேய்த்தால் முதலில் மழுங்குவது முத்திரை, பிறகு பிடரிமயிர். புளி அதைவிட மோசம், பீடத்து முத்துச்சிப்பியை அரித்துவிடும். அலுமினியத் தாளும் சோடாவும் சுடுதண்ணீரும் போடுகிற வித்தை கறுப்பை எடுக்கும்தான். ஆனால் பள்ளங்களில் வேலைக்காரன் வேண்டுமென்று விட்ட கறுப்பும் சேர்ந்து போய், குதிரை மொட்டையாகத் தெரியும். ஒட்டின பீடமும் கழன்றுவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும், அதனால் கண்ணாடி அலுமாரிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பைக்கற் ஒன்று போடுங்கள். ரப்பர் பட்டி மட்டும் வேண்டாம், அதன் கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருந்து வந்த 24 கரட் பிள்ளையாரை அடைவு வைக்கலாமா? (வாசகி, கிண்ணியா வீதி)

பதில்: முடியாது. அது தங்கத்தாள் ஒட்டின ரெசின். தங்கரேக்கு 0.1 மைக்ரோன் அளவு கனம்தான். நூறு சதுர சென்டிமீட்டருக்கு 19 மில்லிகிராம். பத்து மடங்கு கனமாக ஒட்டியிருந்தாலும் ஒரு பவுணில் நாற்பதில் ஒரு பங்கு. 24 கரட் என்பது தங்கத்தின் சுத்தம், அளவு இல்லை.

கேள்வி: வெண்கல உடம்பும் தந்தத்தால் செய்த முகமும் கையும் உள்ள நடனப்பெண் சிலை ஒன்று வீட்டில் இருக்கிறது. கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: 1920களில் பாரிசிலும் பெர்லினிலும் இந்தச் சோடிப்புக்குப் பெரிய மவுசு. சிப்பாருஸ், பிரைஸ் என்ற சிற்பிகளின் பெயர் பீடத்தில் இருந்தால் படம் எடுத்து வையுங்கள், ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள், போலிகள் ஏராளம். முகம் தந்தம்தானா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். எலும்பில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி தெரியும். தந்தத்தில் வெட்டுமுகம் தெரிகிற இடத்தில் வலைபோல ஒன்றையொன்று வெட்டுகிற கோடுகள் ஓடும். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கிற வேலை வேண்டாம், வடு போகாது. தந்தம்தான் என்றால் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். சர்வதேச உடன்படிக்கையில் யானைத்தந்த வணிகத்துக்கு 1989இல் தடை வந்துவிட்டது. பழசு, பரிசு என்றாலும் இரண்டு நாட்டு அனுமதியும் இல்லாமல் போனால் சுங்கத்தில் பறித்துக்கொள்வார்கள். மகள் லீவில் வந்து இங்கேயே பார்க்கட்டும்.