அம்ப்ராக்கோவில் உறுப்பினரின் கூடுதல் புலம் மட்டும் வரவில்லை என்றால்

இணையதளங்களை நிர்வகிக்கும் மென்பொருளான அம்ப்ராக்கோவில், உள்நுழைந்த உறுப்பினரின் விவரங்களை நிரலில் எடுக்கும்போது பெயரும் மின்னஞ்சலும் வருகின்றன, நீங்கள் சேர்த்த ‘ஃபோன் நம்பர்’ புலம் மட்டும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். தப்பு புலத்தில் இல்லை, தேடும் இடத்தில்தான். அம்ப்ராக்கோ 9 முதல், மெம்பர் மேனேஜரின் கெட்கரண்ட்மெம்பர்அசிங்க் என்ற செயற்கூறு தருவது உள்நுழைவுக்கான அடையாளப் பொருள். கூடுதல் புலங்களை அதில் தேடாதீர்கள். அதை ஆஸ்பப்ளிஷ்டுமெம்பரிடம் கொடுங்கள். திரும்பி வருவதில் வேல்யூ என்று அழைத்தால் மதிப்பு கிடைக்கும். வெறுமனே காட்டுவதற்கு இது போதும்.

மாற்றிச் சேமிக்க வேண்டுமா? அப்போது மெம்பர் சர்வீஸ். அடையாளப் பொருளின் கீயை வைத்து கெட்பைகீயில் உறுப்பினரை எடுத்து, செட்வேல்யூ, அப்புறம் சேவ். பலர் மறப்பது இந்தக் கடைசி ‘சேவ்’ அழைப்பைத்தான்.

இன்னொன்று: வேல்யூவுக்கும் செட்வேல்யூவுக்கும் கொடுக்க வேண்டியது புலத்தின் திரையில் தெரியும் பெயரை அல்ல, ஏலியாஸை, அதாவது நிரலில் பயன்படும் உள்பெயரை. ‘ஃபோன் நம்பர்’ என்று வைத்தால் ஏலியாஸில் இடைவெளி போய், முதல் எழுத்து சிறியதாகிவிடும். ஏலியாஸ் தவறாக இருந்தால் படிக்கும்போது சத்தமில்லாமல் வெற்று மதிப்புதான் வரும். செட்வேல்யூ மட்டும் பிழை காட்டிக் கத்தும். என்னைக் கேட்டால் கத்துவதே மேல். ஏலியாஸை மெம்பர் டைப் பக்கத்திலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.