அப்பாவுக்குக் கண்புரை: 6,800 வெள்ளி லென்ஸ் வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் எங்களோடு இருக்கிறார். 18 வருஷமாகச் சர்க்கரை. நான்கு வருஷத்துக்கு முன் வலது கண்ணில் லேசர் செய்தார்கள். வாரத்தில் நான்கு இரவு ஒரு கொண்டோ குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. விடச் சொன்னால் கோபப்படுகிறார். இப்போது உள்ளே வரும் வண்டிகளின் எண் சரியாகத் தெரியவில்லையாம். ஆனால் இரண்டு வருஷமாகக் கண்ணாடி போடாமலே தமிழ் முரசு படிக்கிறார்! ஒரு தனியார் கண் மருந்தகத்தில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். மல்ட்டிஃபோக்கல் லென்ஸ் வைத்தால் இனிக் கண்ணாடியே வேண்டாம், ஒரு கண்ணுக்கு 6,800 வெள்ளி ஆகும் என்றார்கள். தம்பி மதுரைக்குக் கூட்டிப் போகலாம் என்கிறான். அப்பாவோ "புரை முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தப் பேப்பரிலிருந்தே தொடங்குகிறேன். வயதான காலத்தில் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது கண் தேறியதற்கு அடையாளம் இல்லை. கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி புரையால் கெட்டியாகும்போது கண்ணுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும். பக்கத்தில் இருப்பது தெளிவாகும், தூரத்தில் இருப்பது மங்கும். அப்பாவுக்கு எழுத்து தெரிவதும் வண்டி எண் தெரியாமல் போவதும் ஒரே காரணத்தால்தான். புரை வளர வளர அந்தப் படிக்கும் பார்வையும் போய்விடும்.

"முத்தட்டும்" என்பது அந்தக் காலப் பேச்சு. அப்போது லென்ஸை முழுசாக வெளியே எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குப் புரை முற்றியிருப்பது வசதி. இப்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல், அதன் வழியே அல்ட்ராசவுண்டு அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே விரிய விடுகிறோம். கல் மாதிரி முற்றிய புரையை உடைக்க அதிக அதிர்வு வேண்டும், கருவிழிக்கும் அதனால் கூடுதல் பாதிப்பு. ஆகவே காத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. அதற்காக நாளைக்கே ஓட வேண்டிய அவசரமும் இல்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்தால் செய்துகொள்ளலாம். உங்கள் அப்பாவுக்கு அந்த இடைஞ்சல் வந்துவிட்டது.

சரி, லென்ஸுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முடிச்சே அதுதான்.

சாதாரண மோனோஃபோக்கல் லென்ஸ் ஒரே தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். தூரத்துக்கு வைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்ட்டிஃபோக்கல், கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடும். பங்கு போட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் குறையும்தானே? மங்கல் வெளிச்சத்தில் பொருளும் பின்னணியும் பிரிந்து தெரிவது குறையும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்கு இது சில மாதங்களில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. வெளிச்சமான ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்யும், வேறு கண் நோய் இல்லாத 58 வயதுக்காரர் கேட்டால் நானே யோசிக்கலாம் என்பேன். உங்கள் அப்பாவோ இரவில் வாசலில் நின்று, முகத்துக்கு நேரே ஹெட்லைட் அடிக்கும்போது எண்ணைப் படிக்க வேண்டியவர். அதோடு சர்க்கரையால் லேசர் வரை போன விழித்திரை. ஏற்கெனவே நுணுக்கம் குறைந்திருக்கக்கூடிய கண்ணில் இன்னும் கொஞ்சத்தைக் குறைக்கும் லென்ஸை வைக்க எனக்கு மனசு வராது. ஆகவே உங்கள் அப்பாவுக்கு என் தேர்வு தூரத்துக்கு வைத்த சாதாரண லென்ஸ்தான். பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை. மல்ட்டிஃபோக்கல் இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூரத்துக்கு லென்ஸ் வைத்த பிறகு முரசு படிக்கக் கண்ணாடி வேண்டும். சொல்லாமல் விட்டால், "நல்லா இருந்த கண்ணை ஆபரேஷன் செய்து கெடுத்துட்டாங்க" என்பார். கண் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது! கருவிழியின் வளைவு சீராக இல்லாமல் அஸ்டிக்மாட்டிசம் அதிகம் இருந்தால் டோரிக் லென்ஸ் என்று ஒன்று உண்டு. அது வேறு விஷயம். அளவெடுத்த பிறகு கேளுங்கள், பலன் இருக்கலாம். கத்திக்குப் பதில் ஃபெம்டோ லேசரால் செய்கிறோம் என்று கூடுதல் காசு கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். பிரிட்டனிலும் பிரான்ஸிலும் நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வுகளில், வழக்கமான முறையைவிட அதில் பார்வை மேலாக வந்ததாகத் தெரியவில்லை.

இனிப் பணம். அப்பா குடிமகன் என்றால் முதலில் அரசின் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். சர்க்கரைக்கு எப்படியும் அங்கே போய்க்கொண்டிருப்பார். அங்கிருந்தோ, சாஸ் (CHAS) என்னும் அரசு மானியத் திட்டத்திலுள்ள மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதத்தோடு கூ டெக் புவாட், டான் டோக் செங், தேசியக் கண் நிலையம் போன்ற அரசு மருத்துவமனைக்குப் போனால் மானிய நோயாளி. 1950களில் பிறந்தவர்களுக்கான மெர்டேக்கா தலைமுறை அட்டை அவர் வைத்திருந்தால் அங்கே வெளிநோயாளிக் கட்டணத்தில் மானியம் போக மீதியில் இன்னும் 25 விழுக்காடு குறையும். அறுவை சிகிச்சைக்கான மானியம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. சாதாரண லென்ஸுக்கு மானியம் உண்டு, மல்ட்டிஃபோக்கலுக்குக் கிடையாது. விலை என்று பார்த்தால் மானிய வழிக்கும் நீங்கள் சொன்ன 6,800 வெள்ளிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். இந்த வழியில் உள்ள குறை, இன்ன டாக்டர்தான் வேண்டும் என்று கேட்க முடியாது, காத்திருக்கவும் வேண்டும். அவசரப்பட்டுத் தனியார் நோயாளியாகப் பதிந்துவிட்டால் பிறகு மானியத்துக்கு மாறுவது சுலபமில்லை.

மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவ் ஓர் உச்சவரம்பு வரை கைகொடுக்கும். அப்பாவின் கணக்கில் போதாவிட்டால் நீங்களும் தம்பியும் உங்கள் கணக்கிலிருந்து கொடுக்கலாம். அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃபை மட்டும் நம்பி உட்காராதீர்கள். முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை ஒன்று உண்டு. மானிய பில் பெரும்பாலும் அதைத் தாண்டாது. தனியாரில்தான் செய்வது என்று முடிவெடுத்தால், சொன்ன விலையில் மயக்க மருந்து, அறைக் கட்டணம், சொட்டு மருந்து, பிறகு காட்ட வரும் தடவைகள், 9 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

மதுரையைக் குறை சொல்ல மாட்டேன். 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிடம் உலகமே கண்புரை சிகிச்சையைக் கற்றுக்கொண்டது. கைத்திறனில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மெடிசேவ் அங்கே செல்லாது. டிக்கெட், உங்கள் லீவு எல்லாம் சேர்த்தால் மிச்சம் எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சொட்டு மருந்தே சுமார் நான்கு வாரம் விட வேண்டும். சர்க்கரை உள்ள கண்ணில் ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரையில் வீக்கம் வரலாம், அது சில வாரம் கழித்துத்தான் தெரியும். பத்து நாளில் திரும்பி வருவதாக இருந்தால் போக வேண்டாம். ஊரில் ஒரு மாதத்துக்கு மேல் தங்குவார், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் போகலாம். லென்ஸ் விவர அட்டையை மறக்காமல் வாங்கி வரச் சொல்லுங்கள்.

எங்கே செய்தாலும், விழித்திரையை முதலில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அங்கே வீக்கம் இருந்தால் அதற்குத்தான் முதல் வைத்தியம், புரை காத்திருக்கும். மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முக்கியமாக, சிறுநீர்த் தொல்லைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அந்த மாத்திரை கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும், சர்ஜனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். மோசமாக இருக்கும் கண் முதலில், சில வாரம் கழித்து மற்றது.

அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுப்பார்கள், அது முடியும்வரை இரவு வேலை வேண்டாம். முதல் ஒன்றிரண்டு வாரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. தலைக்குக் குளிப்பதானால் சலூனில் மாதிரி பின்னால் சாய்த்துக் கழுவிவிடுங்கள். விபூதியை நெற்றியில் அள்ளிப் பூசினால் தூள் கண்ணில் விழும், கொஞ்ச நாள் கழுத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, மறுநாள் காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.