மேல்வரிசைச் சொற்கள்

கேள்வி: மகள் கணினியில் ரைப் பண்ணப் பழகுகிறாள். ‘ரைப்ரைட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை மேல்வரிசை எழுத்துகளால் மட்டுமே அடித்துவிடலாம் என்றாள். அடித்துப் பார்த்தேன், உண்மைதான். அந்த வரிசையில் அதைவிட நீளமான சொல் உண்டா? ஏன் அப்படி அமைந்தது?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே விரல்கள் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டன. பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒரு மாடி அறையில் 26 வருடம் ரைப்பிங் படிப்பித்தவள் நான். ஏழு மெஷின்கள் இருந்தன. வாடைக்காற்று மாதங்களில் கடல் உப்பு எழுத்துத் தண்டுகளில் ஏறிவிடும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்காமல் விட்டால், மேலே போன எழுத்து கீழே வராது. விரலால் இழுத்துவிட வேண்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மேல்வரிசையில் பத்து எழுத்துகள்: கியூ, டபிள்யூ, ஈ, ஆர், ரி, வை, யூ, ஐ, ஓ, பி. ரைப்ரைட்டர் பத்தெழுத்துச் சொல். அதே நீளத்தில் புரொப்பிரைட்டர் (உரிமையாளர்), பெர்ப்பெச்சுவிட்டி (முடிவில்லாக் காலம்), ரெப்பர்ட்வார் (ஒரு கலைஞர் கைவசம் வைத்திருக்கும் உருப்படிகள்) ஆகியவையும் உண்டு. பதினோரு எழுத்தில் ரப்ச்சர்வோர்ட் என்று ஒரு பூண்டின் பெயர் இருக்கிறது. குடலிறக்கத்துக்கு மருந்து என்று ஒரு காலத்தில் நம்பியதால் வந்த பெயர். நீளம்தான் கேள்வி என்றால் அது முந்துகிறது. ஆனால் அதை அடிக்கும் தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

புரொப்பிரைட்டர் அப்படியல்ல. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் நொத்தாரிசுமாரின் கந்தோர்களுக்கும் கடைக் கணக்கு வேலைக்கும் போனார்கள். கடைக் கடிதத்தின் அடியில் புரொப்பிரைட்டர், காணி உறுதியில் வரிக்கு வரி புரொப்பர்ட்டி. அதுவும் எட்டு எழுத்தும் மேல்வரிசைதான். புரொப்பிரைட்டரில் பி இரண்டு தரம் வரும். இரண்டும் வலது சுண்டுவிரலுக்கு. பழகாத பிள்ளையின் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இரண்டு பி மட்டும் மங்கிக் கிடக்கும், நடுவிரல் அடித்த ஈயும் ஐயும் கறுப்பாகப் பதிந்திருக்கும். சுண்டுவிரல் பலம் பெற்றுவிட்டதா என்று பார்க்க இந்த ஒரு சொல்லைத்தான் அடிக்கச் சொல்வேன்.

ஏன் இப்படி என்பதற்கு நடுவரிசையைப் பாருங்கள். டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்று அரிச்சுவடி ஒழுங்கு இன்னும் அப்படியே நிற்கிறது. இடையில் இருக்கவேண்டிய ஈயும் ஐயும் மட்டும் இல்லை. இரண்டும் மேலே போய்விட்டன. அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்துப் பத்திரிகைக்காரர் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1868இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், பல திருத்தங்களுக்குப் பிறகு 1874இல் ரெமிங்டன் கம்பனி மூலம் விற்பனைக்கு வந்தது. அந்தக் கம்பனி தையல் மெஷினும் செய்தது. அதனால் தொடக்கத்தில் வந்த சில இயந்திரங்களில் வரி முடிந்ததும் காலால் மிதிக்கவேண்டும். நான் பூசிய எண்ணெய்க்கும் அதற்கும் ஏதோ உறவு இருக்கிறது!

ஆக, ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்தில் நான்கு மேல்வரிசைக்குச் சேர்ந்துவிட்டன. ஏ மட்டும் நடுவில். நடுவரிசையில் நான் பழக்கிய நீளமான சொல் அல்ஃபால்ஃபா, ஏழு எழுத்து. குதிரைமசால் என்று சொல்கிற கால்நடைத் தீவனம் அது. நம்முடைய இலட்சமும் ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று அதே வரிசையில் அடங்கிவிடும். கீழ்வரிசையில் உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. அங்கே சொல்லுக்கு எங்கே போவது?

விற்பனைக்காரர் சட்டென்று தட்டிக் காட்டுவதற்காகவே ரைப்ரைட்டரின் எழுத்துகளை மேலே வைத்தார்கள் என்று பலரும் சொல்வார்கள். மகளுக்கு அதைக் கதையாகவே சொல்லுங்கள். நான்கு உயிரெழுத்தும் ஆர், ரி, பியும் ஒரே வரிசையில் இருந்தால் நீளச் சொற்கள் தாமாக வரும்.

கேள்வி: சைக்கிளால் விழுந்து வலக்கைக்குப் பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். இடக்கையால் மட்டும் அடிக்கக்கூடிய சொற்கள் இருக்கின்றனவா?
– மாணவன், மூதூர்

பதில்: கை சுகமாகட்டும், தம்பி. ஸ்டூவர்டெஸ்ஸஸ், ரிவர்பரேட்டட், ஆஃப்டர்இஃபெக்ட்ஸ். மூன்றும் பன்னிரண்டு எழுத்து, முழுவதும் இடக்கை. ஆங்கிலச் சொல்லின் வாலில் வரும் ‘ஈ-டி’, ‘ஈ-ஆர்’, ‘எஸ்’ எல்லாம் இடப்பக்கத்தில் இருப்பதால் இறந்தகாலமும் பன்மையும் அந்தக் கைக்கே போகின்றன. ரிவர்பரேட்டடில் ஈ நான்கு தரம், ஆர் மூன்று தரம். நடுவிரலும் சுட்டுவிரலும் மாறி மாறி ஓடவேண்டும். ஒரு நாளைக்கு இருபது தரம், அவசரப்படாமல் அடியுங்கள். பிளாஸ்டர் வெட்டிய பிறகு லொலிபொப். அதன் எட்டு எழுத்தும் வலக்கைக்கு.